சர்வகலாசாலை விண்ணப்பமும் நம் முதன்மை மாணவரும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையைப் பற்றியோ, நம்மை ஆளாக்கிய பேராசான்களைப் பற்றியோ எழுதுவேன் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதத் தக்கார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்த பின்னர் நம் மாணவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பமே அப்பொருள். அதிலும் ஒரு பகுதியைப் பற்றியே பேச விரும்புகின்றேன். மாணவன் தான் கற்க விரும்பும் பாடநெறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தி எழுதும் பகுதி அது. பதின்மூன்று ஆண்டுகள் வித்தியாசாலையிற் கற்ற கல்வியின் பயன் ஒரு மாலைப் பொழுதில் நிரப்பப்படும் அவ்வரிசையிலே தங்கியிருக்கின்றது. அம்மாலைப் பொழுதுக்கு நாம் செய்யும் ஆயத்தம் யாது என்று கேட்பின், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதே விடை.

பின்தங்கிய மாணவரைப் பற்றி யான் இங்கே பேசவில்லை. மூன்று சாதாரண சித்திகளுடன் நிற்கும் மாணவன் தன் நிலையை நன்கறிவான். எந்தக் கதவு திறந்திருக்கின்றது என்று அவனே தேடிச் செல்வான். தொழினுட்பக் கல்லூரியையும் கல்வியியற் கல்லூரியையும் தானாகவே விசாரித்து அறிவான். இடர்ப்படுவோர் வகுப்பில் முதலாம் இரண்டாம் இடங்களைப் பெற்று வந்தோரே. அவர்கட்கு வேறு வழி தேவைப்படும் என்று எவரும் எண்ணுவதில்லை, அவர்களும் எண்ணுவதில்லை. பரிசளிப்பு விழா மேடையிலே ஆண்டுதோறும் ஏறியவனிடம், "தம்பி, ஐந்தாம் விருப்பமாக எதனை எழுதப் போகின்றாய்?" என்று கேட்பது அவனை அவமதிப்பதாகும் என நாம் கருதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உயிரியற் பிரிவிற் கற்ற ஒரு மாணவன், வகுப்பில் எக்காலமும் முதன்மை பெற்றவன், வைத்திய பீடங்களின் குறியீட்டெண்களை மாத்திரம் வரிசையாக எழுதினான். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், களனி என்று தொடங்கி மட்டக்களப்பு, அநுராதபுரம் வரை எழுதியபின் பேனாவை வைத்துவிட்டான். வேறு பாடநெறிகளும் எழுதலாமே என்று யான் கூறியபொழுது அவன் தந்தையார், "மாஸ்டர், அவன் டொக்ரர்தான். வேறை எழுதினால் மனம் தளர்ந்துபோவான்" என்றார். அன்புள்ள மனிதர், பிள்ளையின் கல்விக்காகத் தம் உடலை வருத்தியவர். யானும் வற்புறுத்தாது விட்டேன். வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது அம்மாணவன் தசமத்தின் இரண்டாம் தானத்திலே தவறினான். அவனிலும் குறைந்த புள்ளி பெற்ற அவன் வகுப்பினர் மூவர் மிருக வைத்தியத்துக்கும் விவசாயத்துக்கும் மருந்தாளர் கல்விக்கும் சென்றனர். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதாத பாடநெறியை ஆணைக்குழு எங்ஙனம் கொடுக்கும்? பின்னர் வெற்றிடங்கள் நிரப்பப்பட்டபோதும் அவனுடைய பட்டியலிற் பார்ப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. அன்று வற்புறுத்தாது விட்டது என் பிழை என்பதை இன்றும் உணர்கின்றேன். இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேர்வு நடைபெறும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனை அறிந்துளோம் என்று சொல்வோருட் பலர் தவறாகவே அறிந்துளர். 2001 ஆம் ஆண்டு தொடக்கம் மாணவரின் மூலப் புள்ளிகளைக் கூட்டித் தரப்படுத்தும் முறை கைவிடப்பட்டு, இசட் புள்ளி முறை கைக்கொள்ளப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் இடைப் புள்ளியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலாற் பிரிப்பர். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றதன் சராசரியே அவனுடைய இசட் புள்ளி. ஓர் உதாரணங் கொள்வோம். ஒரு பாடத்தின் இடை 50, நியம விலகல் 15 எனின், அதில் 80 பெற்றவனுக்கு 2 கிடைக்கும். இன்னொரு பாடத்தின் இடை 60, நியம விலகல் 20 எனின், அதே 80 பெற்றவனுக்கு 1 மாத்திரமே கிடைக்கும். ஆகவே, "என் மகனுக்கு மூன்று ஏ, இனி என்ன கவலை?" என்பது போதிய விடையாகாது. மூன்று ஏ பெற்ற இருவரிடையே ஒருவன் வைத்திய பீடத்துக்குள்ளும் மற்றவன் வெளியிலும் நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இனி இடங்கள் பங்கிடப்படும் முறை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகின்றது. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்தனவெனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக உரியது. கலைப்பிரிவின் பாடநெறிகளிற் பெரும்பாலனவற்றுக்கு மாத்திரம் அகில இலங்கைத் திறமையே அளவுகோல். இம்முறையின் நியாய அநியாயங்களை இங்கே ஆராய யான் புகவில்லை. 1970களின் தொடக்கத்திலே மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது நம் கல்லூரியின் மேல் வகுப்புக்கள் பட்ட பாட்டை அக்காலத்து மாணவர் மறந்திலர். அவர்களுட் சிலர் இம்மலரையும் வாசிப்பர். ஆயினும் இன்று விண்ணப்பம் நிரப்பும் மாணவனுக்கு வேண்டியது வரலாற்றுக் கோபமன்று. தன் மாவட்டத்தில் தான் கேட்கும் பாடநெறிக்குக் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுப்புள்ளி எங்ஙனம் ஏறி இறங்கிற்று என்பதே அவன் அறிய வேண்டுவது.

வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே எவரும் குறித்து வைத்த எல்லையன்று. அவ்வாண்டு அப்பாடநெறிக்கு இறுதியாகத் தெரிவான மாணவன் பெற்ற புள்ளியே அது. ஆதலின் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, "அதனிலும் எனக்குச் சற்றே கூட இருக்கின்றது" என்று மகிழ்வது ஆற்றின் சென்ற ஆண்டு ஆழத்தை நம்பி இவ்வாண்டு இறங்குவது போலாம். ஓராண்டின் எண்ணை மாத்திரம் பார்த்தல் கூடாது. பல ஆண்டுகளின் எண்களை ஒருங்கே வைத்து, அவற்றுள் மிக உயர்ந்ததையும் தாண்டி நிற்கின்றோமா, நடுவில் நிற்கின்றோமா, மிகத் தாழ்ந்ததைத்தானும் எட்டினோமா என்று நோக்குதல் வேண்டும். முதல் வகையானவை ஏறத்தாழ உறுதியானவை. இரண்டாம் வகையானவை நம் தகுதிக்கு ஒத்தவை. கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். மூன்றாம் வகையானவை நம் ஆசைக்குரியவை. ஒரு நல்ல பட்டியலில் இம்மூன்றும் இருத்தல் வேண்டும். நம் முதன்மை மாணவரின் பட்டியல்களில் மூன்றாவது நிறைய உண்டு. இரண்டாவது சிறிதளவு உண்டு. முதலாவது அறவே இல்லை.

இங்கே மக்களிடையே வேரூன்றிய ஒரு தவறான நம்பிக்கையைக் களைதல் அவசியம். கடினமான பாடநெறியை முதலாவதாக எழுதினால் பின்வருவனவற்றில் நமக்குள்ள வாய்ப்புக் குறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், பின்னாலே எளிய பாடநெறிகளை எழுதினால் ஆணைக்குழு நம்மை அவற்றிலேயே தள்ளிவிடும் என அஞ்சுகின்றனர். இரண்டும் பிழை. தேர்வு இசட் புள்ளியின் வரிசைப்படியே நடைபெறுகின்றது. மாணவனின் முறை வரும்போது அவனுடைய முதல் விருப்பத்தில் இடமிருக்கின்றதா என்று பார்ப்பர். இல்லையெனில் இரண்டாவதை, அதுவும் இல்லையெனில் மூன்றாவதைப் பார்ப்பர். ஒரு பாடநெறியை ஒன்பதாவதாக எழுதியவனுக்கு அதிலே உள்ள உரிமை, அதனை முதலாவதாக எழுதிய, அவனிலும் குறைந்த புள்ளியுடையவனின் உரிமையிலும் மேலானதே. ஆகவே வரிசை மனத்தின் உண்மையான வரிசையாகவே இருத்தல் வேண்டும். வைத்தியமே உயிர் என்பவன் அதனை முதலாவதாகவே எழுதுக, வைத்திய பீடங்கள் அனைத்தையும் எழுதுக, ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் அவற்றோடு நிறுத்திவிடாதிருப்பானாக. கீழே எழுதுவது மேலே உள்ளதைச் சிறிதும் கெடுப்பதில்லை.

இன்னொன்று. பத்து வைத்திய பீடங்களை எழுதியவன் தான் பத்து விருப்பங்களை எழுதியதாக எண்ணுகின்றான். உண்மையிலே அவன் எழுதியது ஒன்றே. ஒரே மாவட்டத்தவருக்கு இப்பீடங்களின் வெட்டுப்புள்ளிகளிடையே உள்ள இடைவெளி சிறிது. ஆனால் வைத்தியத்துக்கும் அதற்கு அடுத்து வருவனவற்றுக்கும் இடையே உள்ள இடைவெளியோ பெரிது. கணிதப் பிரிவிலும் இதுவே நிலை. மொறட்டுவையும் பேராதனையும் எழுதியவன், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தையும், உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் பீடத்தையும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடத்தையும் எழுதுதல் நன்றே. ஆயினும் அதன் கீழே பௌதிக விஞ்ஞானம், கணினி விஞ்ஞானம், சப்பிரகமுவையில் நடைபெறும் நில அளவை விஞ்ஞானம், கட்டட வேலைகளின் அளவும் செலவும் கணிக்கும் மொறட்டுவைப் படிப்பு என்பனவும் வருதல் வேண்டும். சட்டம் போன்ற சில பாடநெறிகளை எப்பிரிவு மாணவரும் கேட்கலாம் என்பதைக்கூட நம் விஞ்ஞான மாணவருட் பலர் அறியார். கட்டடக் கலை முதலிய சிலவற்றுக்கு விண்ணப்பத்தோடு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். அதன் திகதியைத் தவறவிட்டபின் கண்ணீர் விட்டோரையும் யான் கண்டுளேன்.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்று உண்டு, அது அற்பமானதன்று. "உயர்ந்ததை நாடுபவனைத் தாழ்ந்ததைப் பற்றி எண்ணச் செய்யலாமா? அவனுடைய ஊக்கம் குன்றாதா?" என்பர். எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரே இக்கருத்துடையவர். அவரை மறுக்க என் நா கூசுகின்றது. ஆனால் ஊக்கம் வேண்டப்படுவது பரீட்சைக்கு முன்னர். விண்ணப்பம் நிரப்பப்படுவதோ பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்தபின்னர். அப்பொழுது புள்ளி ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. எத்துணை ஊக்கமும் அதனை ஓர் அணுவளவும் கூட்டாது. அவ்வேளையில் வேண்டப்படுவது கணக்கு. வியாபாரியின் மகனுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்குகின்றது; உத்தியோகத்தரின் மகனுக்கு விளங்குவதில்லை.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பதே எனக்கு வியப்பு. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இலும், பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இலும், இலங்கைச் சர்வகலாசாலை 1942 இலும் தோன்றின. நாடு முழுவதற்கும் ஒரே சர்வகலாசாலை இருந்த அக்காலத்தில் அதற்குட் புகுவோர் மிகச் சிலர். ஆதலின் புகுமுகப் பரீட்சைக்குத் தோற்றிய கையோடே இலிகிதர் சேவைப் பரீட்சைக்கும் விண்ணப்பித்தனர். ஆசிரிய கலாசாலைக்கு எழுதினர். இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்குப் பணம் கட்டினர். வசதியுள்ளோர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறினர். இலிகிதராகச் சேர்ந்து, இரவில் விளக்கொளியிலே கற்றுப் பட்டம் பெற்றுப் பின்னர் உயர்பதவி வகித்தோர் நம் பழைய மாணவருள் எத்தனை பேர்! அவர்களை எவரும் தோற்றோர் எனக் கூறவில்லை. ஒரே கதவு இருந்த காலத்தில் பல வழிகளை நாடிய சமுதாயம், பதினேழு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ள இக்காலத்தில் இரண்டு பாடநெறிகளை மாத்திரம் கண்டு ஏனையவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டது எவ்வாறு?

காரணங்களுள் ஒன்றை நம் கல்லூரி மண்டபத்திலேயே காணலாம். சுவரிலே மரப்பலகைகள் தொங்குகின்றன. அவற்றிலே ஆண்டுதோறும் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானோரின் பெயர்கள் பொன்னெழுத்திற் பொறிக்கப்படுகின்றன. விவசாய பீடத்துக்குச் சென்றவன் பெயர் இல்லை. தாதியியலுக்குச் சென்றவன் பெயர் இல்லை. சட்டத்துக்குச் சென்றவன் பெயரைப் பொறிப்பதா என்பது ஒருமுறை சங்கக் கூட்டத்தில் விவாதிக்கப்பட்டது. (முடிவு என்னாயிற்று என்பதைச் சொல்லாது விடுகின்றேன், விவாதித்தோர் என் நண்பர்கள்.) பத்து வயதுச் சிறுவன் அம்மண்டபத்தில் நவராத்திரிப் பூசைக்கு அமர்ந்திருந்து அப்பலகைகளை வாசிக்கின்றான். எட்டு ஆண்டுகளின் பின்னர் அவன் விண்ணப்பத்தில் இரண்டு பாடநெறிகளை மாத்திரம் எழுதுகின்றான் எனில், அதை அவனுக்குக் கற்பித்தவர் யார்?

ஒரு மாணவனின் கதையை இங்கே கூறலாம். அவனும் வைத்தியத்தையே விரும்பினான். அதனையே முதலில் எழுதினான். ஆனால் அதன் கீழே பல் வைத்தியம், மிருக வைத்தியம், இயன்மருத்துவம், விவசாயம் எனத் தன் மனத்துக்கு ஒத்தவற்றை ஒழுங்காக எழுதினான். பேராதனையில் மிருக வைத்தியம் கிடைத்தது. வீட்டில் இழவு விழுந்தாற் போலிருந்தது. "மாட்டு டொக்ரருக்கோ இவ்வளவு படிச்சவன்?" என்று அவன் தாயார் என்னிடம் கேட்டார். அவன் சென்றான், கற்றான், இன்று வன்னியிலே பணிபுரிகின்றான். பால்மாடு ஒன்றே சொத்தாகவுள்ள குடும்பங்கள் பல வாழும் அப்பிரதேசத்தில், நள்ளிரவில் அவன் வாயிலில் வந்து நிற்போர் பலர். அவன் தாயார் இப்பொழுது என்ன சொல்கின்றார் என்பது எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். உறுதியான பாடநெறி என்பது விலையின்றிக் கிடைப்பதன்று. ஒருவர் மூன்று முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிப் பல்கலைக்கழக அனுமதி கோரலாம். ஆனால் ஓராண்டில் ஒரு பாடநெறிக்குத் தெரிவாகிப் பதிவு செய்தபின் மறுமுறை அனுமதி கோருவது குறித்து ஆணைக்குழு கடுமையான விதிகளை வைத்திருக்கின்றது. அவ்விதிகளை அவ்வவ்வாண்டுக் கைநூலில் எழுத்தெழுத்தாக வாசித்த பின்னரே முடிவு செய்தல் தகும். ஆதலினாலே யான் மாணவரிடம் கூறுவது இது: கிடைத்தாலும் போகமாட்டேன் என்று நீ அறிந்த பாடநெறியைப் பட்டியலை நீட்டுவதற்காக எழுதாதே. அயலவனுக்கு உரிய இடத்தையும் கெடுத்து உன் ஆண்டையும் கெடுப்பாய். நாலு ஆண்டு மனமொத்துக் கற்கக்கூடியவற்றை மாத்திரம் எழுது. ஆனால் அவற்றைத் தேடி அறிந்து எழுது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்றால் யாதென்றே தெரியாமல் அது வேண்டாம் என்பவனின் மறுப்புக்கு மதிப்பில்லை.

மறுமுறை தோற்றுவதை முற்றாக யான் கண்டிக்கவில்லை. பரீட்சைக் காலத்தில் நோயுற்றவன், வீட்டிலே துயரம் நேர்ந்தவன், ஒரு பாடத்தில் மாத்திரம் எதிர்பாராது சறுக்கியவன் ஆகியோர் இரண்டாம் முறை எழுதுதல் நியாயமே. மூன்றாம் முறையைப் பற்றி எனக்கு ஐயமுண்டு. தனியார் கல்வி நிலையத்தின் தகரக் கொட்டகையில் அதே குறிப்புக்களை மூன்றாம் ஆண்டும் எழுதும் இளைஞனைப் பார்க்கும்போது, அவன் கற்பது பௌதிகமன்று, பயமே என்று தோன்றுகின்றது. அண்மைக் காலத்தில் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் ஓராண்டுக்கு மேலாகவே சென்றுவிடுகின்றது. மூன்றாம் முறையில் தெரிவானவன் முதலாண்டு விரிவுரைக்குள் நுழையும்போது அவனுடன் கற்ற சிலர் பட்டம் பெறுந் தறுவாயில் நிற்பர்.

வெளிநாட்டிலே வைத்தியம் கற்பித்தல் இன்னொரு வழியாகப் பேசப்படுகின்றது. காணியை விற்றும், பெண்பிள்ளைக்கு வைத்திருந்த நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரை நாம் அறிவோம். சிலர் நன்றாகக் கற்றுத் திரும்பி வந்து நற்பெயருடன் விளங்குகின்றனர், மறுக்க இயலாது. ஆனால் பணத்தைக் கட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டேயாகவேண்டும். அக்கல்லூரியின் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்துள்ளதா? திரும்பி வந்தபின் இங்கே பதிவு பெறுவதற்கு எழுதவேண்டிய பரீட்சையைப் பற்றி மாணவன் அறிவானா? முகவர் தரும் வண்ணப் பிரசுரத்தில் இவற்றுக்கு விடை இருப்பதில்லை. இங்கே நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் போதனைக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தோர்க்கு 1981 முதல் மகாபொலப் புலமைப்பரிசிலும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் பல் வைத்தியத்தையோ விவசாயத்தையோ எழுதாது விட்டு, அந்நிய நாட்டிலே கோடி கொடுத்து வைத்தியம் வாங்கச் செல்வது கணக்குத் தெரிந்தோர் செய்யும் காரியமாக எனக்குப் படவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோர் அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். சேர்க்கப்படுவோர் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர். தகுதி பெற்றும் இடம் பெறாதோர் பெருந்தொகையினர் என்பதை இது காட்டும். அவர்களுள் ஒரு பகுதியினர் புள்ளியின்மையால் அன்று, பட்டியலின்மையால் இடம் இழந்தோர். நம் கல்லூரியளவில் அத்தகையோர் ஆண்டுக்கு இருவரோ மூவரோ ஆயினும், அவ்விருவர் மூவரும் நம் சிறந்த மாணவராகவே இருப்பர் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

யான் கேட்பவை பெரியன அல்ல. பழைய மாணவர் சங்கம் நீச்சற் குளம் கட்டப் பணம் திரட்டுவதாக அறிகின்றேன், நன்று. அதனோடு, பெறுபேறு வெளிவந்த மறுவாரத்திலே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கித் தருக. மிருக வைத்தியரும், நில அளவையாளரும், மருந்தாளரும், வழக்கறிஞரும், விவசாய விரிவுரையாளரும் நம்மிடையே உளர். அவர்கள் அன்று கல்லூரிக்கு வந்து, வகுப்பறைக்கு ஒருவராக அமர்ந்து, தாம் காலை எழுந்தது முதல் மாலை வரை என்ன தொழில் செய்கின்றனர் என்பதையும், என்ன சம்பளம் பெறுகின்றனர் என்பதையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் மறையாது கூறினாற் போதும். சொற்பொழிவு வேண்டா, மாலை மரியாதையும் வேண்டா. அதிபர் அவர்கட்கும் ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு மாணவனுடைய பட்டியலையும், அனுப்புவதற்கு முன், அவனுடைய வகுப்பாசிரியரல்லாத வேறோர் ஆசிரியர் ஒருமுறை பார்க்கும் ஒழுங்கு செய்யப்படல் வேண்டும். வகுப்பாசிரியருக்கு மாணவனிடத்தே பாசம் உண்டு. பாசம் எண்ணை மறைக்கும். என் வரலாறே அதற்குச் சான்று.

மண்டபத்துப் பலகைகளைக் கழற்றுமாறு யான் கூறவில்லை. அவற்றின் அருகே இன்னொரு பலகை தொங்கட்டும். எந்தப் பாடநெறிக்குச் சென்றவனாயினும் அவன் பெயர் அதில் இடம்பெறட்டும். இடம் போதாது என்பாராயின், மேற்குச் சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.

இவை நிறைவேறுமுன், என்னால் இயன்ற ஒன்றைத் தொடங்கியுள்ளேன். கல்லூரி நூலகத்திலே தடித்த அட்டைக் கணக்குப் புத்தகம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. நம் மாவட்டத்துக்கு ஒவ்வொரு பாடநெறியின் வெட்டுப்புள்ளியையும் ஆண்டுவாரியாக அதிலே பதிந்து வருகின்றோம். உயிரியற் பிரிவும் கணிதப் பிரிவும் ஐந்து ஆண்டுகளுக்கு முடிந்துவிட்டன. வர்த்தகப் பிரிவை உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எழுதிக்கொண்டிருக்கின்றனர். கலைப் பிரிவுக்கும் தொழினுட்பப் பிரிவுக்கும் ஆள் தேவை. நூலகர் மேசையின் இடப்புறத்து அலுமாரியில், இரண்டாம் தட்டில் அப்புத்தகம் இருக்கின்றது. வெளியே கொண்டுசெல்ல அனுமதியில்லை.